ஏட்டி, ஏன்ட்டி

வசந்தகுமாரிக்குக் காலையில் கண் திறக்கும் முன்பே வாய் திறந்துவிடும். ஹைதராபாத் நாச்சாரத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் பால் பாக்கெட் வந்து விழும் சத்தத்துக்கு அடுத்த சத்தம் அவளுடையதுதான்.

“ஏட்டி, எந்திச்சாச்சா? ஏட்டி, கதவ ஏன் சாத்துதே? உள்ள என்ன செய்தே? பாட்டில்ல தண்ணி புடிச்சியா? முடிய விரிச்சுப் போட்டுட்டு பஸ்ல ஏறாத. போன்ல யாரு, அஸ்வினியா? அஸ்வினின்னா எதுக்கு அப்படிச் சிரிக்கே?”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மகள் ஹர்ஷிதாவின் பதில் ஒரே சொல்லாக வரும். “ஏன்ட்டி?”

தெலுங்கில் அதற்கு ‘என்ன’ என்று பொருள். கோவில்பட்டிக்காரியான வசந்தா மகளை ‘ஏட்டி’ என்று கூப்பிடுவதும், ஹைதராபாத்தில் பிறந்த மகள் ‘ஏன்ட்டி’ என்று திருப்பிக் கேட்பதும் அந்த வீட்டில் ஒரு காலத்தில் விளையாட்டாக இருந்தது. ஹர்ஷிதாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பதினாறு வயதில் அந்த ‘ஏன்ட்டி’யில் சிரிப்பு போய்விட்டது. கத்தி தட்டில் பட்டது மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

வசந்தாவுக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. கணவர் ஜெகதீஸ்வரன் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். கெமிஸ்ட்ரி படித்த பெண் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவர்தான் மல்லாபூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்த்துவிட்டார். அங்கே ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சில மாத்திரைகளை எடுத்து நிறுத்து, கரைத்து, அளந்து பார்ப்பது அவள் வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். மனதில் சிறு சந்தேகம் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டாள். மேலாளர் வந்து நின்றாலும் அந்த பேட்ச் வெளியே போகாது.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். அதற்குக் காரணம் கேட்டால் நுமாயிஷைச் சொல்லுவாள். ஜனவரியில் நாம்பள்ளியில் நடக்கும் அந்தப் பொருட்காட்சிக்கு ஹர்ஷிதாவின் நாலாவது வயதில் மூன்று பேரும் போயிருந்தார்கள். போர்வைக் கடையில் விலை பேசிக்கொண்டிருந்த ஒரு நிமிஷத்தில் கையில் இருந்த பிஞ்சு விரல்கள் இல்லாமல் போயின. கூட்டத்துக்குள் முட்டி மோதி, பெயரைச் சொல்லிக் கத்தி, செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போய், கடைசியில் ராட்டினத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்து சேர்த்தார். தன் பிடி நழுவியதால்தான் பிள்ளை தொலைந்தது என்று வசந்தா முடிவு செய்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் பிடியைத் தளர்த்தவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு ஜெகதீஸ்வரனை ராஜஸ்தான் பக்கம் ஒரு கட்டுமானப் பணிக்கு மாற்றிய பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியது. அவர் தினமும் வீடியோவில் வருவார். “பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு தனியா இருக்கே, பாத்துக்கோ” என்பார். வசந்தாவும் பார்த்துக்கொண்டாள். கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில் வாயால் பார்த்துக்கொண்டாள்.

ஹர்ஷிதா படித்த ஜூனியர் காலேஜின் ஆண்டு விழா ஆகஸ்ட்டில் வந்தது. ஐ.ஐ.டி. கோச்சிங்குக்குப் பேர் போன காலேஜ். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைக் கீழே வைப்பார்கள். மகள் கவிதை சொல்லப்போகிறாள் என்றதும் வசந்தா அரை நாள் லீவு போட்டுவிட்டு, கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். என்ன கவிதை என்று கேட்டதற்கு ஹர்ஷிதா, “ஏம் லேது மா, ஒண்ணுமில்ல, சும்மா ஒரு போயம்” என்று சொல்லியிருந்தாள்.

மேடைக்கு வந்த ஹர்ஷிதா மைக்கைப் பிடித்து, தெலுங்கில் ஆரம்பித்தாள்.

என் வீட்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதற்கு முள் இல்லை, வாய் மட்டும்தான் என்றாள். தாழ்ப்பாள் போட்டால் அது அடிக்கும், போடாவிட்டாலும் அடிக்கும் என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகுவது போல ஒரு பாவனை செய்து, அப்படியே அம்மாவின் குரலில், சுத்தமான கோவில்பட்டித் தமிழில், “ஏட்டி! சிரிச்சா எதுக்குச் சிரிக்கே? சும்மா இருந்தா எதுக்கு உம்முன்னு இருக்கே?” என்றாள். உடனே தன் குரலுக்கு மாறி, “ஏன்ட்டி?”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. ‘ஏட்டி’ வரும்போதெல்லாம் பின்வரிசைப் பையன்கள் கூடவே ‘ஏன்ட்டி’ என்று கத்த ஆரம்பித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்து, வசந்தாவின் தொடையைத் தட்டி, “இந்தப் பிள்ளையைப் பெத்தவ யாரோ, பாவம்” என்று தெலுங்கில் சொன்னாள். வசந்தாவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பயந்து சிரித்தாள். கன்னம் வலித்தது.

அதற்குப் பிறகு ஹர்ஷிதாவின் குரல் இறங்கியது. தெலுங்கில் அவள் சொன்ன அந்தக் கடைசி வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

நுமாயிஷில் நான் தொலையவில்லை அம்மா.
நானாகத்தான் கையை விட்டேன்.
ராட்டினம் சுற்றுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.
அன்றைக்குப் பிடித்த பிடியில்
இன்றைக்கும் மணிக்கட்டு வலிக்கிறது.
கொஞ்சம் விடு.
விட்டால் ஓடுவேனா, நிற்பேனா
எனக்கே தெரியாது.
தெரிந்துகொள்ள வேண்டும்,
கொஞ்சம் விடு.

அரங்கத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் கொஞ்சம் தாமதித்து வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. மாதாப்பூரில் நடக்கும் நகர அளவிலான கவிதைப் போட்டிக்கு ஹர்ஷிதாவை அனுப்பப்போவதாகப் பிரின்சிபால் மைக்கில் அறிவித்தார். வசந்தா எழுந்து வெளியே வந்து ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஹர்ஷிதா வந்து பின்னால் ஏறியதும் வண்டியைக் கிளப்பினாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் வசந்தா திரும்பினாள்.

“ஊரெல்லாம் சிரிக்கணும்னுதான் என்னைய வரச்சொன்னியா?”

“அம்மா, அவங்க உன்ன பாத்து சிரிக்கல.”

“பின்ன எவளப் பாத்து? நான் தெனமும் தொண்ட வறளக் கத்துதது உனக்குக் கூத்தா இருக்கு, என்ன? ஏழு மணிக்கு வேலைக்கு ஓடி, வந்து பொங்கிப் போட்டு…”

“அதே அம்மா! அதேதான்! இதுவும் அந்தப் போயம்லதான் இருக்கு!” ஹர்ஷிதா கத்தியதில் குரல் கீறியது. “எல்லார் வீட்லயும் அம்மா இருக்காங்க. என் வீட்ல சிசிடிவி இருக்கு.”

வசந்தாவின் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கும் வழி தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். ஹர்ஷிதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் வசந்தாவின் வாயிலிருந்து வரும் கேள்வி அன்றைக்கு வரவில்லை.

விழா வீடியோ மறுநாளே ராஜஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெகதீஸ்வரனோடு வேலை பார்ப்பவரின் பிள்ளையும் அதே காலேஜ். வீடியோ அழைப்பில் அவர் முகம் சுருங்கியிருந்தது.

“நம்ம வீட்டு விஷயத்த மேடையில ஏத்திட்டா. என் ஆபீஸ்ல ‘ஏட்டி சார்’னு கூப்பிடுறாங்க, தெரியுமா? மாதாப்பூரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். போன வாங்கி வை. படிக்கத்தான் காலேஜ்ல சேத்தோம்.”

“சரிங்க” என்றாள் வசந்தா. அவமானத்தில் இருந்த அவளுக்கு அந்த உத்தரவு இதமாகக்கூட இருந்தது. மாதாப்பூருக்கு அனுப்ப வேண்டாம் என்று காலேஜில் சொல்லிவிட்டாள். ஹர்ஷிதாவின் ஸ்மார்ட்போனை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு, காலேஜுக்குப் போய்வர ஒரு பட்டன் போனைக் கொடுத்தாள். ஹர்ஷிதா சண்டை போடவில்லை. “சரே” என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அவ்வளவு லேசாகக் கொடுத்துவிட்டாளே என்று வசந்தாவுக்கு ஒரு நெருடல் இருந்தது. அதை அவள் தட்டிவிட்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. ‘கடிகாரம் அடிக்கிறது என்றாயே, அடிக்கவில்லை, போ’ என்று வசந்தா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தட்டை வைப்பாள், எடுப்பாள். காலையில் மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், ஆள் சத்தம் இருக்காது. முதல் நாள் ஹர்ஷிதாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து அம்மாவைப் பார்த்தாள். வசந்தா பார்க்காத மாதிரி இருந்தாள். ரெண்டொரு நாளில் அந்த நிம்மதி வற்றிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “ஏதாவது சொல்லு மா. நக்கோ, இப்படி வேண்டாம். திட்டக்கூடத் திட்டு” என்றாள். வசந்தா ரசத்தை ஊற்றிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பேசாமல் இருப்பதும் ஒரு பிடிதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பிடித்திருந்தாள்.

சனிக்கிழமை விடியும்போதே வானம் மூடிக் கிடந்தது. மகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதை வசந்தா பால்கனியிலிருந்து பார்த்தாள். மல்லாபூருக்குப் போய் லேபில் கோட்டை மாட்டிக்கொண்டு தராசு முன்னால் உட்காரும்போது மழை பிடித்துவிட்டது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனில் காலேஜிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை.

வசந்தா அதைத் திரும்பப் படித்தாள். பட்டன் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். காலேஜ் ஆபீஸுக்கு அடித்தாள்; யாரும் எடுக்கவில்லை. அடுக்ககத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டால், “பாப்பா பஸ் நிக்கிற பக்கம்தான் போச்சு மேடம்” என்றான்.

எதிர் மேஜையில் இருந்த ஆக்னஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். நாகர்கோவிலிலிருந்து வந்து இந்தக் கம்பெனியில் தலைமுடி நரைத்தவள். வசந்தாவுக்கு அக்கா மாதிரி.

“என்ன வசந்தா? யாருக்கு என்ன?”

“பிள்ள காலேஜுக்குப் போகலக்கா.” நாலா பக்கமும் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து கிடக்கும் சாக்கடைக் குழிகள், பேசாமலே கழிந்த நாட்கள், ‘திட்டக்கூடத் திட்டு’ என்ற அந்த முகம் எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன.

“கூடப் படிக்கிற பிள்ளைக்கு அடிச்சியா?”

அடித்தாள். அஸ்வினி எடுக்கவில்லை, வகுப்பில் இருப்பாள். அதே நேரம் ஜெகதீஸ்வரன் கூப்பிட்டார். அந்தச் செய்தி அவருக்கும் போயிருந்தது.

“எங்க அவ?”

“தெரியலங்க.”

“தெரியலன்னா? நீ அங்க என்ன பண்ணிட்டிருக்க? போலீஸ்ல சொல்லு!”

போலீஸ் என்ற வார்த்தை கேட்டதும் வசந்தா கோட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். ஆக்னஸ் அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். உணவு இடைவேளை மணி அடிக்கிற நேரத்தில் அஸ்வினி தானாகவே கூப்பிட்டாள். இவர்கள் அடுக்ககத்திலேயே கீழ்வீட்டில் இருக்கும் சேலத்துக்காரர்களின் மகள்.

“ஆன்ட்டி, பரேஷான் ஆகாதீங்க. அவ சேஃப். மாதாப்பூர்ல இருக்கா. இன்னிக்குத்தான் அந்த காம்படிஷன். அவளாவே பேர் குடுத்துட்டுப் போயிருக்கா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கினா. ப்ளீஸ் ஆன்ட்டி, அவள அடிக்காதீங்க.”

அடிக்காதீங்க. அந்தப் பிள்ளை எதற்கு அப்படிச் சொன்னது என்று யோசிக்க அப்போது நேரமில்லை. ஆக்னஸ் பையைக் கையில் கொடுத்து, “நீ போ, இங்க நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும் என்றார். முழங்கால் வரை நனைந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹப்சிகூடா மெட்ரோ ஸ்டேஷன் படிகளில் ஏறினாள் வசந்தா. ரயிலில் ஒரே நெரிசல். கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனதும் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே போனாள். ‘யாரக் கேட்டு வந்தே? நீ செத்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்டி. வா வீட்டுக்கு.’ ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறக்கும்போது அந்த வாக்கியங்கள் நீண்டன. அமீர்பேட்டில் கூட்டம் மாறி ஏறியபோது அவள் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வசந்தா உட்காரவில்லை.

அஸ்வினி சொன்ன இடம் மாதாப்பூரில் ஒரு காபிக் கடையின் மாடி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஹால். இளம் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு மைக். அந்த விளக்கின் கீழே காலேஜ் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தாள் அவள் மகள்.

வசந்தா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “ஏட்டி” என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்குள் மைக்கிலிருந்து வந்தது. ஹர்ஷிதா அந்த இடத்துக்குத்தான் வந்திருந்தாள். “ஏட்டி! சிரிச்சா எதுக்குச்…” என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

மறந்துபோய்விட்டது என்று நினைத்து யாரோ விரலைச் சொடுக்கினார்கள். இன்னொருவர் சொடுக்கினார். பிறகு ஹால் முழுக்கச் சொடுக்குச் சத்தம். அந்த இடத்தில் அது தைரியம் சொல்லும் வழக்கம் என்று வசந்தாவுக்குத் தெரியாது. சீக்கிரம் சொல்லித் தொலை என்று பிள்ளையை விரட்டுகிறார்கள் என்று நினைத்தாள். ஒரு கணம் அவர்கள் எல்லோர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஆனால் ஹர்ஷிதா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் அம்மாவை மட்டும் பார்த்தாள். வசந்தா அந்த முகத்தில் திமிரை எதிர்பார்த்து வந்திருந்தாள். அழுகையாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். அங்கே இருந்தது பயம். மைக்கைப் பிடித்த கை மார்போடு ஒட்டியிருந்தது. ஓங்கிய கைக்கு முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம். ரோட்டுத் தண்ணீரையும், கூட்டத்தையும், தெரியாத ஆட்களையும் பார்த்துப் பயப்படாத பெண் பெற்ற தாயைப் பார்த்துப் பயந்து நிற்கிறாள். அஸ்வினி ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அப்போதுதான் வசந்தாவுக்கு உறைத்தது.

ரயிலில் கோத்துக்கொண்டு வந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அதை அப்படியே விழுங்கினாள். வசந்தா ஒரு அடி பின்னால் வைத்தாள். கதவை இழுத்துத் திறந்து, வெளியே வந்து, சத்தம் வராமல் சாத்தினாள். மாடிப்படிகளில் இறங்கி, கீழே கடையின் தகரச் சாய்ப்புக்குள் ஒதுங்கி நின்றாள்.

அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை. மழையும் ஹாரன்களும்தான். மகள் திரும்ப ஆரம்பித்தாளா, அழுதுகொண்டு இறங்கிவிட்டாளா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு மாடி ஏறினால் போதும். கால் இரண்டு தடவை படிக்குப் போய்த் திரும்பியது. போன் அடித்தது.

“கிடைச்சாளா?” என்றார் ஜெகதீஸ்வரன்.

“கிடைச்சிட்டா. மாடியில இருக்கா. போயம் சொல்லிக்கிட்டிருக்கா.”

“சொல்லிக்கிட்டிருக்காளா? நீ எங்க நிக்க?”

“கீழ. ரோட்டுல.”

“என்ன விளையாடுறியா வசந்தா? மேல போய் இழுத்துட்டு வா!”

“முடியாதுங்க.”

“என்னது?”

“நான் உள்ள போனா அவளுக்குப் பேச்சு வரமாட்டேங்கு. என்னைப் பாத்துப் பயப்படுதா. முடிச்சுட்டு வரட்டும்.”

“நீ குடுக்குற இடம்தான்…”

“நான் எங்கங்க இடம் குடுத்தேன்? ஒரு பொட்டு இடம் குடுத்ததில்ல.” சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை அவள் பாதியில் வெட்டியதில்லை. பிறகு இணைப்பு அறுந்தது. மழையால் அறுந்ததா, அவரே வைத்துவிட்டாரா என்று பார்க்காமல் போனைப் பைக்குள் போட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றாளோ. ஹர்ஷிதா படிகளில் தடதடவென்று இறங்கி வந்து, கடைசிப் படியில், சாரலில் நின்றாள். பக்கத்தில் வரவில்லை.

“ஏம்மா வெளிய வந்துட்ட?”

“நீ நிறுத்திட்டியே.”

“நீ போயிட்டன்னு நினைச்சேன். வீட்டுக்கு.”

“சொன்னியா?”

“சொன்னேன்.” கொஞ்சம் தயங்கினாள். “நுமாயிஷ் மட்டும் சொல்லல. நீ கேக்காம அதச் சொல்லத் தோணல.”

அந்த நேரத்தில் வசந்தாவுக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. பயம் வடிந்த இடத்தில் வந்து நிறைந்த கோபம். “போன அணைச்சு வச்சுட்டா நான் என்னன்னு நினைக்கது? குழியில விழுந்துட்டியா, எவனும் தூக்கிட்டுப் போயிட்டானா? லேப்ல எனக்குக் காலு நிக்கல, தெரியுமா உனக்கு?”

“சாரி மா. சொன்னா விட்டிருப்பியா?”

வசந்தா வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை. “விட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

“மரி?”

அவ்வளவுதான் கேட்டாள். ‘அப்புறம் என்ன?’ என்று. தலைப்பால் மகளின் ஈரத் தலையைத் துடைக்கப் போன கையை, ஹர்ஷிதா லேசாகப் பின்வாங்கியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஓங்கவில்லையே, துடைக்கத்தானே வந்தேன் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹர்ஷிதாவே தலையை முன்னால் நீட்டினாள். வசந்தா துடைத்துவிட்டாள்.

“ரிசல்ட் சொல்ல நேரமாகுமாம். எல்லாரும் சாப்பிடப் போறாங்க. நானும்…” ஹர்ஷிதா முடிக்கவில்லை.

மேலே மாடி வராந்தாவில் சில பெண்களும் இரண்டு பையன்களும் இவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார், எந்த ஊர், எந்தக் காலேஜ், எப்படித் திரும்புவாய், அந்தப் பையன் யார் என்று வரிசையாக வந்த கேள்விகளை வசந்தா ஒவ்வொன்றாகப் பல்லுக்குப் பின்னால் நிறுத்தினாள். கடைசியில் ஒன்றே ஒன்று தப்பி வெளியே வந்துவிட்டது.

“போன ஆன் பண்ணி வையி.”

“சரி மா.”

“நான் போறேன் அப்ப.”

ஹர்ஷிதா நம்பாமல் பார்த்தாள். வசந்தா திரும்பிப் பார்க்காமல் மெட்ரோவுக்கு நடந்தாள். திரும்பினால் கூப்பிட்டுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். ரயிலில் இப்போது இடம் இருந்தது. உட்கார்ந்ததும் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். ‘எங்க இருக்கே’ என்று தட்டினாள், அழித்தாள். இருட்டிக்கொண்டு வந்தபோது பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மழை விட்டிருந்தது. ஒருவேளை வரவே மாட்டாளோ என்று ஒரு நினைப்பு வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஒண்ணும் கிடைக்கல. ஆறுதல் பரிசுகூட இல்ல” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள் ஹர்ஷிதா. “நடுவுல நிறுத்துனா மார்க் போகுமாம்.”

“என்னாலதான்.”

“ஆமா, உன்னாலதான்” என்றாள் மகள். ஆறுதலுக்காகக்கூட ‘இல்லை’ என்று அவள் சொல்லவில்லை. பிறகு அடுக்களைக்குள் போய், “பசிக்குது. அந்தக் கடையில ஒரு சாண்ட்விச் என்ன விலை தெரியுமா மா, யாரும் சாப்பிடல” என்று குரல் கொடுத்தாள். வசந்தா எழுந்து போய் தோசைக்கல்லைப் போட்டாள்.

ஜெகதீஸ்வரன் தசரா லீவுக்கு வந்தபோது மகளோடு பேசவில்லை. மனைவியோடும் தேவைக்குத்தான் பேசினார். பீரோவிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டார். “நான்தான்” என்றாள் வசந்தா. “இங்க அவகூட இருக்கது நான். அவ என்னைப் பாத்து நடுங்குனா நான் யாரோட இருக்கது?” அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ராஜஸ்தானுக்குத் திரும்பும் அன்று காலையில் மட்டும், ஹர்ஷிதாவிடம் முகத்தைக் காட்டாமல், “அந்தப் பாட்டு இன்னும் வச்சிருக்கியா?” என்று கேட்டார். “பாட்டு இல்லப்பா, போயம்” என்றாள் அவள். அதற்கு மேல் இருவரும் போகவில்லை.

வசந்தாவின் வாய் நின்றுவிடவில்லை. மாதாப்பூர் போய்வந்த மறுநாள் காலையிலேயே ‘ஏட்டி’ திரும்ப வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலும் தலைமுடியும் வந்துவிட்டன. ஆனால் சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு உள்ள நேரம் ஹர்ஷிதாவுடையது என்று இருவருக்கும் ஒரு பேச்சு. எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அனுப்புவாள். சில சனிக்கிழமைகளில் மறந்துவிடுவாள். அப்போதெல்லாம் மல்லாபூர் லேபில் வசந்தா ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருப்பாள். ஆக்னஸ் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைப்பாள். வசந்தா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ ஆறுவதற்குள் குடிக்கப் பார்ப்பாள்.